இளையோர் நாவல் படித்து எழுதிப் பழகுகிறவர்கள் இங்கே இருக்கிறீர்களா?

தேரிமணல்

வணக்கம். கொஞ்ச காலமாக இளையோர் நாவல்களை மட்டும் தேடிப் பிடித்துப் படித்துக்கொண்டிருக்கிறேன். நாற்பதை நெருங்குகிற வயது. "பிள்ளை படிக்க வேண்டியதை நீங்கள் படிக்கிறீர்கள், உங்கள் கணக்கை யார் பார்ப்பது?" என்று வீட்டில் கேலி நடக்கிறது. கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் கணக்கர் வேலை எனக்கு.

படிப்பதற்குக் காரணம் இருக்கிறது. தூத்துக்குடிப் பக்கம் உப்பளத்தை ஒட்டிய ஊரில் வளரும் பதினைந்து வயதுப் பெண்ணை வைத்து ஒரு நாவல் எழுத வேண்டும். பதின்மூன்று முதல் பதினேழு வயதுக்குள் இருக்கும் பிள்ளைகள் கையில் எடுத்துப் படிக்கிற மாதிரி இருக்க வேண்டும். அவர்களைப் பார்த்துப் பெரியவர்கள் உச்சுக் கொட்டுவதற்கான நாவல் எனக்கு வேண்டாம்.

எஸ். இ. ஹின்டனின் 'தி அவுட்சைடர்ஸ்' நாவலிலிருந்து தொடங்கினேன். 1967-இல் வந்தது. ஓக்லஹோமா மாநிலத்தின் டல்சா நகரத்துப் பள்ளி மாணவி அவர். பதினைந்து வயதில் எழுதத் தொடங்கினார். அச்சில் வந்தபோது பதினெட்டு. ரவுடிப் பையன்களின் கதையைப் பெண் எழுதியிருக்கிறாள் என்று தெரிந்தால் விமர்சகர்கள் ஒதுக்கிவிடுவார்கள் என்று அட்டையில் முதலெழுத்துகளை மட்டும் போட்டார்கள். கதை சொல்லும் போனிபாய்க்குப் பதினான்கு வயது. எழுதிய கைக்கும் சொல்லும் வாய்க்கும் நடுவில் இருந்தது ஓரிரு வயது வித்தியாசம்தான். எனக்கும் என் கதைப் பெண்ணுக்கும் நடுவில் இருபது வருடத்துக்கு மேல் கிடக்கிறது. அதை எப்படித் தாண்டுவது?

இன்னொன்றும் கேட்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தால் பக்கம் பக்கமாக வருகிறது. திங்கட்கிழமை முதல் பேனாவைத் தொடுவதில்லை. தினமும் எழுதுகிறவர்கள் எப்படி எழுதுகிறீர்கள்?

செங்கோட்டைப் பயணி

தம்பி, 'இளையோர் நாவல்' என்பது புத்தகக் கடைக்காரர் அலமாரியில் ஒட்டிய சீட்டு. அதை இலக்கிய வகை என்று நம்பி ஆராய்ச்சியில் இறங்காதீர்கள். அம்புலிமாமாவையும் வாண்டுமாமாவையும் முடித்த கையோடு நேராகப் 'பொன்னியின் செல்வ'னுக்குத் தாவிய தலைமுறை நாங்கள். நடுவில் பாலம் வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை.

பதினைந்து வயதுக் கதாநாயகன் வேண்டுமா, பூமணியின் 'வெக்கை' இருக்கிறது. 1982. பகையாளியை வெட்டிவிட்டு ஓடுகிற பையன். கூடவே அவன் அப்பா. நாவல் அந்த இரண்டு பேரோடும் காட்டுக்குள் கூடவே அலைகிறது. பையன் செய்தது சரியா தவறா என்று பக்கத்தில் நின்று தீர்ப்புச் சொல்ல யாரும் இல்லை. கொஞ்சம் மூத்த பையன் வேண்டுமென்றால் அசோகமித்திரனின் '18வது அட்சக்கோடு'. செகந்திராபாத்தில் கிரிக்கெட்டும் கல்லூரியுமாகத் திரிகிறவன் தலைமேல், நிஜாம் ஆட்சிக்கு ஆதரவான ரஜாக்கர் படை ஆட்டம் போட்ட காலம் வந்து விழுகிறது. இரண்டின் அட்டையிலும் 'இளையோருக்கு' என்று யாரும் அச்சடிக்கவில்லை. நல்ல நாவல் என்றால் வயது வந்தவனும் படிப்பான், வராதவனும் படிப்பான்.

இன்னொன்று. எழுதுவதற்காகப் படிக்காதீர்கள். அடுத்த வீட்டுச் சமையலை ருசி பார்க்கப் போனவன் மசாலாப் பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தால் சாப்பாடு ஆறிவிடும்.

நூலகப் பீரியட்

ஐயா, பாலம் கேட்கவில்லை என்கிறீர்கள். தாவ முடியாமல் ஆற்றில் விழுந்தவர்கள் இந்த இழையில் வந்து பதில் போடப் போவதில்லை. அதனால் உங்களுக்கு எல்லோரும் தாவியதாகத் தெரிகிறது.

அரசுப் பள்ளியில் தமிழ் எடுக்கிறேன். சின்ன வகுப்புகளுக்கு இப்போது குறை சொல்ல முடியாது. நான்கு, ஐந்தாம் வகுப்புக்கு 'ஊஞ்சல்' என்ற சிறுவர் இதழ் வருகிறது. ஆறிலிருந்து ஒன்பது வரை 'தேன்சிட்டு' வருகிறது. வாசிப்பு இயக்கத்தின் சின்னச் சின்னப் புத்தகங்களை நுழை, நட, ஓடு, பற என்று படிநிலை பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். எழுத்துக் கூட்டிப் படித்த பிள்ளை 'பற' வரைக்கும் வருவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒன்பதாம் வகுப்பு முடிகிறது. பத்து வந்துவிடுகிறது. கதைப் புத்தகத்தை வீட்டில் பரணில் போட்டுவிடுகிறார்கள். பள்ளியில் நூலகப் பாடவேளையைக் கணக்கு ஆசிரியர் வாங்கிக்கொள்கிறார். பத்து, பதினொன்று, பன்னிரண்டு. இளையோர் நாவலுக்கான வயதும் பொதுத்தேர்வு வயதும் ஒன்றாகவே இருக்கின்றன. நம்மிடம் அந்த அலமாரி காலியாக இருப்பதற்கு எழுத்தாளர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. வாங்குகிற அப்பா அம்மா அந்த மூன்று வருடம் கதைக்குக் காசு கொடுப்பதில்லை. விற்காததைப் பதிப்பகம் போடாது.

தேரிமணல், உங்களுக்கு ஒரு தகவல். என் மாணவிகள் புத்தகத்தின் தடிமனைப் பார்த்துப் பயப்படுவதில்லை. அறிவுரை வருகிறது என்று மோப்பம் பிடித்தால் மூடி வைத்துவிடுவார்கள். ஒரு புத்தகத்தை நீட்டினால் முதலில் வரும் கேள்வி, "இதில் வரும் அக்கா கடைசியில் படிக்கப் போகிறாளா, கல்யாணம் செய்து கொடுத்துவிடுகிறார்களா, டீச்சர்?" அதற்குப் பதில் சொல்லாமல் கொடுத்தால்தான் முழுதாகப் படிக்கிறார்கள்.

பின்பெஞ்ச்

அந்த வயதைத் தாண்டி இரண்டு வருடம்தான் ஆகிறது எனக்கு, அதனால் சொல்ல உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன். :)

பன்னிரண்டாம் வகுப்பில் பாடப் புத்தகத்துக்கு நடுவில் கைபேசியை வைத்துக்கொண்டு 'தி ஹங்கர் கேம்ஸ்' படித்தவன் நான். சூசன் காலின்ஸ் 2008-இல் எழுதியது. கேட்னிஸ் தன் கதையைத் தானே, அதுவும் நிகழ்காலத்தில் சொல்கிறாள். அடுத்த பக்கத்தில் உயிரோடு இருப்போமா என்று அவளுக்கே தெரியாது. என்னால் வைக்க முடியவில்லை. மாதிரித் தேர்வு மதிப்பெண்ணும் அதற்குச் சாட்சி.

அதே மாதிரி தமிழில் எழுதிப் பார்த்தேன். "நான் கதவைத் திறக்கிறேன். உள்ளே இருட்டாக இருக்கிறது. நான் நடக்கிறேன்." இரண்டு பக்கத்தில் வானொலி நேர்முக வர்ணனை போல ஆகிவிட்டது. ஆங்கிலத்தில் ஓடுகிற நிகழ்காலம் தமிழில் ஏன் இப்படி நொண்டுகிறது? யாராவது சொல்லுங்கள்.

செங்கோட்டை ஐயா, எழுதுவதற்காகப் படித்தால் ருசி போய்விடும் என்கிறீர்கள். எனக்குப் பிடித்த நாவல்களின் கதாபாத்திரங்களை வைத்து நானே தொடர்ச்சி எழுதித்தான் எழுதவே பழகினேன். உலகமும் ஆட்களும் இரவல். அதனால் உரையாடலை மட்டும் பழக நேரம் கிடைத்தது. அந்த நாவல்களை இன்றும் அதே ஆசையோடு திரும்பப் படிக்கிறேன்.

வடமராட்சி

கனடாவின் ஸ்காபரோவில் இருந்து எழுதுகிறேன். இங்கே நூலகத்தில் பதின்ம வயதினருக்குத் தனிப்பகுதி உண்டு; மகள் அங்கே போனால் திரும்பி வர மாட்டாள். அவள் கொண்டுவருவதை நானும் வாசிக்கத் தொடங்கினேன். அப்படிக் கிடைத்ததுதான் ஷியாம் செல்வதுரையின் 'ஸ்விம்மிங் இன் தி மான்சூன் ஸீ'. 2005-இல் இளையோருக்கென்றே எழுதியது. 1980-ஆம் ஆண்டுக் கொழும்பு, பதினான்கு வயது அம்ரித், பள்ளிக்கூடத்து 'ஒதெல்லோ' நாடகம், கனடாவில் இருந்து வந்து இறங்கும் ஒன்றுவிட்ட சகோதரன்.

தேரிமணலுக்கு இதைச் சிபாரிசு செய்யக் காரணம் உண்டு. இவரே 1994-இல் 'ஃபன்னி பாய்' என்று பெரியவர்களுக்கும் ஒரு நாவல் எழுதியிருக்கிறார். அதுவும் கொழும்பில் வளரும் பையனின் கதைதான். இரண்டையும் பக்கத்தில் வைத்து வாசியுங்கள். 'ஃபன்னி பாய்' கதையைச் சொல்கிறவன் எல்லாவற்றையும் இழந்து வெளிநாடு போனபின் திரும்பிப் பார்க்கிறான். 1983-இல் தமிழருக்கு எதிரான கலவரம் வரப்போகிறது என்று அவனுக்குத் தெரியும், எங்களுக்கும் தெரியும். ஒரு பிள்ளை விளையாட்டைச் சொல்லும்போதே வயிற்றைப் பிசைகிறது. மற்ற நாவலில் அம்ரித்துக்கு நாளைக்கு என்ன நடக்கும் என்று தெரியாது. அவனுடைய வெட்கம், பொறாமை, கோபம் எல்லாம் அன்றைக்கு அன்றைக்கு. எழுதியவர் ஒருவர், ஊர் ஒன்று, வயதும் ஏறக்குறைய ஒன்று. அவர் எங்கே நின்றுகொண்டு சொல்கிறார் என்பதுதான் மாறியிருக்கிறது.

என் மகள் அம்ரித்தின் கதையை ஒரு மூச்சில் முடித்தாள். மற்றதைப் பாதியில் வைத்துவிட்டு, "இது நல்ல புத்தகம்தான், ஆனால் இவர் உங்களோடு கதைக்கிறார், என்னோடு இல்லை" என்றாள்.

மெய்ப்பு மேசை

வடமராட்சியின் மகளை எங்கள் பதிப்பகத்தில் வேலைக்குச் சேர்த்துக்கொள்ளலாம். நான் பத்திப் பத்தியாக எழுத உட்கார்ந்ததை அந்தப் பெண் ஒரு வரியில் சொல்லிவிட்டாள்.

கையெழுத்துப் பிரதிகளைத் திருத்துவது என் தொழில். 'இளையோர் நாவல்' என்று பெயர் போட்டு வருகிறவற்றில் பெரும்பாலானவை முதல் பக்கத்திலேயே மாட்டிக்கொள்ளும். "அன்று எனக்கு அது விளங்கவில்லை", "பின்னாளில்தான் உணர்ந்தேன்", "அறியாப் பருவம்". இந்தச் சொற்றொடர்களில் ஒன்றைக் கண்டால் பென்சிலால் ஓரத்தில் ஒரு கோடு போட்டுவிடுவேன். கதை சொல்கிறவருக்கு வயது ஐம்பது என்று அர்த்தம். பெரியவர்களுக்கான நாவலில் அது குறையே இல்லை. நம் மொழியின் நல்ல நாவல்கள் பல அப்படித் திரும்பிப் பார்த்துத்தான் எழுதப்பட்டிருக்கின்றன. பதினைந்து வயது வாசகருக்கு மட்டும் அது எரிச்சல். அவர் இன்றைக்கு அழுதுகொண்டிருக்கும் விஷயத்தை, "எல்லாம் சரியாகிவிடும், நாங்களும் இதைத் தாண்டி வந்தவர்கள்தான்" என்று தோளில் தட்டுகிற மாமா மாதிரி.

ஆகவே தேரிமணல், நீங்கள் தாண்ட நினைக்கிற இருபது வருடத்தைத் தாண்டத் தேவையில்லை. அந்த இருபது வருடத்தில் உங்களுக்குத் தெரிந்துபோனதை எழுத்தில் காட்டாமல் இருந்தால் போதும். சொல்வது சுலபம் என்று எனக்கும் தெரியும்.

பின்பெஞ்ச், உங்கள் நிகழ்காலச் சிக்கலுக்கும் இதுவே வழி. வினைமுற்றை மாற்றிப் பயனில்லை. 'வெக்கை' இறந்த காலத்தில்தான் போகிறது, ஆனால் அடுத்து என்ன ஆகும் என்று அந்தப் பையனுக்கும் நமக்கும் தெரியாது. அந்தப் பதற்றம் காலம் காட்டும் இடைநிலையில் இல்லை.

படிக்கும்போது செய்யக்கூடிய ஒரு பயிற்சி. செங்கோட்டை ஐயா கோபிக்கக்கூடாது. முதல் முறை ருசிக்காகவே படியுங்கள். இரண்டாம் முறை ஓர் அத்தியாயத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அந்தப் பிள்ளைக்கு அந்த நிமிடத்தில் தெரிந்தது எது, தெரியாதது எது, தெரிந்தும் ஒப்புக்கொள்ளாதது எது என்று ஓரத்தில் குறியுங்கள். மூன்றாவதில்தான் எழுத்தாளரின் கை தெரியும்.

செங்கோட்டைப் பயணி

கோபமெல்லாம் இல்லை. 'வெக்கை'யை எனக்கு எதிராகவே திருப்பிவிட்டீர்கள், பரவாயில்லை. ஆனால் மூன்று பத்தியாகக் குறிப்பு எழுதுகிறவன் கதையை எப்போது எழுதுவான்? தம்பி தினப் பழக்கம் பற்றிக் கேட்டார். அதற்கு யாரும் பதில் சொல்லக் காணோம்.

நெறியாளர்

முழுப் புத்தகத்தின் பிடிஎஃப் இணைப்புக் கேட்டு வந்த இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டன. மேலே சொன்ன நாவல்களில் பெரும்பாலானவை கடையில் கிடைக்கின்றன. நூலகத்தில் கேட்டாலும் எடுத்துத் தருவார்கள். தொடருங்கள்.

வடமராட்சி

தினப் பழக்கத்துக்கு ஹின்டனிடமே பதில் இருக்கிறது. முதல் நாவலுக்குக் கிடைத்த பெயரும் புகழும் அந்தப் பெண்ணை முடக்கிப்போட்டது. 'இளைஞர்களின் குரல்' என்று எல்லோரும் சொல்லத் தொடங்கிய பிறகு ஒரு வரி எழுத வரவில்லை. அவரைப் பின்னாளில் மணந்தவர் அப்போது காதலன். தினம் இரண்டு பக்கம் எழுதினால்தான் வெளியே போகலாம் என்று நிபந்தனை வைத்தாராம். அப்படி இரண்டு இரண்டு பக்கமாக வந்த நாவல் 1971-இல் வெளியானது. இன்னொரு செய்தி: முதல் நாவலை எழுதிக்கொண்டிருந்த வருடம் பள்ளியில் படைப்பெழுத்துப் பாடத்தில் அவருக்குக் கிடைத்தது 'டி' கிரேடு.

இரண்டு பக்கம் என்பது நல்ல அளவு. குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு எழுதலாம். அதற்கு மேல் போனால் அடுத்த நாள் வேலைக்கு எழும்ப முடியாது.

பின்பெஞ்ச்

நான் 'நானோரைமோ'வில் கலந்துகொண்டேன். தெரியாதவர்களுக்கு: 1999-இல் சான் பிரான்சிஸ்கோ பக்கம் கிறிஸ் பேட்டி என்பவர் இருபத்தொரு பேரோடு ஆரம்பித்தது. பிறகு உலகம் முழுக்கப் பரவியது. நவம்பர் முப்பது நாளுக்குள் 50,000 சொற்கள் எழுத வேண்டும். ஒரு நாளுக்குக் கிட்டத்தட்ட 1,667. அந்த அமைப்பு 2025-இல் மூடப்பட்டுவிட்டது. கடைசிக் காலத்தில் நிறையச் சர்ச்சைகள். அதற்குள் இங்கே போக வேண்டாம்.

எனக்கு அது பாதி உதவியது, பாதி கெடுத்தது. உதவியது எதில் என்றால், எழுதியதைத் திரும்பிப் பார்க்காமல் மேலே போகிற துணிச்சல் வந்தது. கெடுத்தது எதில் என்றால், எண்ணிக்கைக்காகவே எழுதினேன். ஒரு பாத்திரம் படி ஏறி இறங்கியதற்கே ஒரு பக்கம் செலவழித்திருக்கிறேன். தமிழில் எழுதுகிறவர்கள் அந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளவே கூடாது. ஆங்கிலத்தில் நான்கு சொல்லாகப் பிரிவது நமக்கு ஒட்டி ஒரே சொல்லாக வந்துவிடும். 1,667 தமிழ்ச் சொல் எழுதினால் கை ஒடிந்துவிடும்.

நூலகப் பீரியட்

எண்ணிக்கை வேண்டாம் என்பவர்களுக்கு வேறு வழி: செய்யுள் நாவல். பத்மா வெங்கட்ராமனின் 'எ டைம் டு டான்ஸ்' 2014-இல் வந்தது. சென்னையில் பரதநாட்டியம் ஆடுகிற வேதா விபத்தில் ஒரு காலை இழக்கிறாள். செயற்கைக் காலோடு மறுபடி ஆடக் கற்றுக்கொள்வதுதான் கதை. முழுவதும் சின்னச் சின்னக் கவிதைகளாகவே போகும். சில ஒரு பக்கம்கூட வராது. எழுதியவர் சென்னையில் வளர்ந்து அமெரிக்காவில் கடலியல் ஆராய்ச்சியாளராக இருந்தவர். நாட்டியத்தை வைத்து நம் ஊரில் ஒரு நாவல் எழுதியிருந்தால் சலங்கைக்கும் சபதத்துக்கும் நடுவில் சிக்கியிருக்கும். இதில் எலும்புக் காயமும் வியர்வையும் கட்டுப் போடுவதும் வருகின்றன.

அதே வடிவத்தில் என் மாணவிகளை எழுதச் சொன்னேன். நாவல் எழுது என்றால் மிரண்டு போகிறவள், 'பஸ்ஸில் இடம் கிடைக்காத நாள்' என்று பத்து வரி எழுது என்றால் எழுதிவிடுகிறாள். மறுநாள் அதே பெண்ணுக்கு அடுத்த பத்து வரி. கட்டுரை ஏட்டில் எழுத வேண்டாம், பழைய நோட்டின் எழுதாத பக்கத்தில் எழுது என்று சொன்னேன். கட்டுரை ஏடு என்றால் 'முன்னுரை' என்று தலைப்புப் போட்டுவிடுகிறார்கள்.

தேரிமணல்

எல்லோருக்கும் நன்றி. எட்டணாக் கேள்விக்கு எட்டு ரூபாய்ப் பதில் கிடைத்திருக்கிறது. இனி பேசாமல் ஒரு துண்டை இங்கேயே போட்டுவிடுகிறேன். நாவலின் தொடக்கம். தயவு தாட்சண்யம் வேண்டாம்.

"அப்போது எனக்குப் பதினைந்து வயது. வாழ்க்கை எத்தனை கரிப்பானது என்பதை அறியாத பருவம். விடிவதற்கு முன்பே அம்மா உப்பளத்துக்குப் போய்விடுவாள். வெயில் ஏறியபின் திரும்பும் அவள் பாதங்களில் பாளம் பாளமாக வெடிப்பு இருக்கும். அந்த வெடிப்புகள், எங்களுக்காக அவள் சுமந்த துயரங்களின் வரைபடம் என்பதைப் பின்னாளில்தான் உணர்ந்தேன்."

மெய்ப்பு மேசை

தாட்சண்யம் வேண்டாம் என்றீர்கள். முதல் வரியிலும் இரண்டாம் வரியிலும் கடைசி வரியிலும் என் பென்சில் கோடு விழுந்துவிட்டது. நடுவில் இருக்கும் இரண்டு வரி தேறும்.

'துயரங்களின் வரைபடம்' போட்டிக்கு அனுப்புகிற கவிதை. பதினைந்து வயதுப் பெண் தன் அம்மாவின் காலைப் பார்த்து வரைபடத்தை நினைப்பாளா? அவள் என்ன நினைப்பாள் என்று நீங்கள் யோசிக்கவில்லை, அவள் அம்மாவைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள்.

செங்கோட்டைப் பயணி

கடுமையாகச் சொல்கிறார், ஆனால் சொல்வது சரிதான். ராஜம் கிருஷ்ணன் 'கரிப்பு மணிகள்' நாவலில் தூத்துக்குடி உப்பளத்தை 1979-லேயே எழுதிவிட்டார். களத்துக்கே போய், பார்த்து, கேட்டு எழுதுகிறவர் அவர். உப்பளத்துத் துயரத்தை எடுத்துச் சொல்வதுதான் உங்கள் நோக்கம் என்றால் அந்த வேலை முடிந்துவிட்டது. நீங்கள் சொல்ல வேண்டியது அந்தப் பெண்ணை. அவளுக்கு அம்மாவின் காலைப் பார்த்தால் பாவமாக இருக்குமா? எனக்குத் தெரிந்து அந்த வயதில் பாவத்துக்கு முன்னால் எரிச்சல்தான் வரும். கொஞ்சம் அவமானமும் வரும்.

வடமராட்சி

அவமானம் என்று ஐயா சொன்னதை ஒருக்கால் யோசித்துப் பாருங்கள், தேரிமணல். என் மகள் பன்னிரண்டு வயதில் நான் பள்ளிக்கூட வாசலில் தமிழில் கூப்பிட்டால் கேட்காத மாதிரிப் போவாள். அதை அவள் கதையாக எழுதினால் நான் நல்லவளாக வர மாட்டேன், அவளும் வர மாட்டாள். அப்படி எழுதினால்தான் கதை.

தேரிமணல்

இதைப் பாருங்கள்.

"அம்மா கால் கழுவும்போது நான் பக்கத்தில் போக மாட்டேன். தண்ணீர் பட்டதும் பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சை உள்ளே இழுப்பாள். அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்காது. அன்றைக்கு வாளியை எடுத்துக் கொடுக்கச் சொன்னாள். கணக்கு நோட்டில் கோடு போட்டுக்கொண்டிருக்கிறேன் என்று சொன்னேன். அம்மா ஒற்றைக் காலைத் தூக்கித் தூக்கி வைத்துப் போய்த் தானே எடுத்தாள். கோடு நான் எப்போதோ போட்டு முடித்திருந்தேன்."

பின்பெஞ்ச்

அண்ணா! இது வேறு ஆள் எழுதியது மாதிரி இருக்கிறது. இறந்த காலத்தில்தான் இருக்கிறது, ஆனாலும் பக்கத்தில் நிற்கிற மாதிரி இருக்கிறது. எனக்கு அந்தப் பெண்ணின் மேல் கோபம் வருகிறது, அடுத்ததையும் படிக்க வேண்டும் போல் இருக்கிறது.

மெய்ப்பு மேசை

இப்போது அவள் பேசுகிறாள். எங்கேயும் 'பின்னாளில்' இல்லை. 'ஒற்றைக் காலைத் தூக்கித் தூக்கி வைத்து' என்பதை அவள் பார்த்திருக்கிறாள், பார்த்தும் எழுந்திருக்கவில்லை. நான் மேலே சொன்ன மூன்றாவது, தெரிந்தும் ஒப்புக்கொள்ளாதது, அங்கே இருக்கிறது.

ஒரு குறை. கடைசி வரியை அடித்துவிடுங்கள். பத்தியை அழகாக முடிக்க வேண்டும் என்று வைத்த வரி அது. 'தானே எடுத்தாள்' என்பதோடு நின்றால் வாசகரே ஊகித்துக்கொள்வார்.

செங்கோட்டைப் பயணி

அடிக்காதீர்கள். அந்தப் பெண் பொய் சொன்னாள் என்பது அந்த வரியில்தான் தெரிகிறது. அது இல்லாவிட்டால் உண்மையிலேயே படித்துக்கொண்டிருந்த நல்ல பிள்ளை ஆகிவிடுவாள். பதிப்பகத்துக்காரர்கள் கையில் பென்சில் இருந்தால் சும்மா இருக்க மாட்டார்கள்.

மெய்ப்பு மேசை

பொய் தெரிய வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வேறு இடத்தில் தெரியட்டும். கோடு காய்ந்துவிட்டது, ஸ்கேல் பெட்டிக்குள் போய்விட்டது என்று முன்னாலேயே ஏதாவது ஒரு பொருள் காட்டிக்கொடுக்கலாம். முடிவில் அவளே வந்து ஒப்புதல் வாக்குமூலம் கொடுப்பது போல் இருக்கிறது.

நூலகப் பீரியட்

நீங்கள் இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டிருங்கள். நான் இந்தத் துண்டைத் தேரிமணலிடம் தனிச்செய்தியில் அனுமதி வாங்கி, ஒன்பதாம் வகுப்பில் வாசித்துக் காட்டினேன். யார் எழுதியது என்று சொல்லவில்லை. மதிய உணவுக்கு முந்தைய பாடவேளை. பொதுவாகப் பாதிப் பேர் தட்டுக் கழுவுகிற நினைப்பில் இருப்பார்கள்.

கடைசி வரியை யாரும் பொருட்படுத்தவில்லை என்பதை இருவருக்கும் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். அவர்கள் கேட்டவை இவை. மார்ஜின் கோடா, அட்டவணைக் கோடா? அம்மாவுக்கு நாள் கூலியா, மூட்டைக் கணக்கா? காலுக்குப் பூட்ஸ் கொடுக்க மாட்டார்களா? ஒரு பெண் மட்டும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அவளுக்கு அண்ணன் இருக்கிறானா டீச்சர்? இருந்தால் அவனை ஏன் வாளி எடுக்கச் சொல்லவில்லை?" என்றாள். வகுப்பே அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டது. மணி அடித்தும் விடவில்லை. பாதிப் பேர் தங்கள் வீட்டு அண்ணன்களைப் பற்றிச் சொல்லத் தொடங்கிவிட்டார்கள்.

"அந்த அக்கா கெட்டவளா?" என்று நான் கேட்டேன். "இல்லை, நாங்களும் அப்படித்தான்" என்றார்கள். சாதாரணமாக, பஸ் எப்போது வரும் என்று சொல்கிற மாதிரிச் சொன்னார்கள்.

வடமராட்சி

அண்ணன் கேள்வியை என் மகளிடம் சொன்னேன். "அண்ணன் இருப்பான், வீட்டுக்குள் இருந்து டிவி பார்த்துக்கொண்டிருப்பான்" என்று உடனே பதில் வந்தது. தூத்துக்குடியைப் பார்த்தே இராத பிள்ளை.

தேரிமணல்

டீச்சர், அந்த மாணவிக்கு என் நன்றியைச் சொல்லுங்கள், பெயர் வேண்டாம். என் குறிப்பில் அந்தப் பெண் ஒற்றைப் பிள்ளை. அம்மா, மகள் என்று இரண்டு பேரை மட்டும் வைத்தால் நெருக்கமாக இருக்கும் என்று திட்டம் போட்டிருந்தேன். இப்போது ஓர் அண்ணன் வந்துவிட்டான். பன்னிரண்டாம் வகுப்பில் தோற்றவன், உப்பு லாரியில் கிளீனராகப் போகிறான். வீட்டில் இருக்கும்போது அவன் சாப்பிட்ட தட்டை எடுப்பது தங்கையின் வேலை. அம்மா அவனிடம் வாளியைக் கேட்பதே இல்லை. அந்தப் பெண்ணுக்கு வாளியை எடுத்துக் கொடுக்கப் பிடிக்காததற்குக் காரணம் அம்மாவின் கால் மட்டும் இல்லை போலிருக்கிறது.

எழுதும் நேரத்தை மாற்றிவிட்டேன். அலுவலகத்திலிருந்து வந்ததும் கைகால் கழுவுவதற்கு முன்பே ஒரு பக்கம். பக்கம் நிறையவில்லை என்றால் விட்டுவிடுகிறேன். வீட்டில் இன்னும் சிரிக்கிறார்கள், ஆனால் முந்தாநாள் நான் எழுதாமல் டிவி முன்னால் உட்கார்ந்தபோது, "அந்தப் பெண் என்ன ஆனாள்?" என்று கேள்வி வந்தது.

கடைசி வரி இப்போதைக்கு இருக்கட்டும். ஸ்கேலைப் பெட்டிக்குள் வைத்தும் ஒரு வடிவம் எழுதிப் பார்க்கிறேன்.

செங்கோட்டைப் பயணி

அண்ணன் வரும் அத்தியாயத்தைத் தனி இழையாகப் போடுங்கள், தம்பி. இங்கே போட்டால் மெய்ப்பு மேசையும் நானும் இன்னும் இந்த வரியையே பிடித்துத் தொங்கிக்கொண்டிருப்போம். லாரி கிளீனர் எத்தனை மணிக்கு வீடு திரும்புவான், எந்த ஷெட்டில் வண்டி நிற்கும் என்பதை யாரிடமாவது கேட்டுவிட்டு எழுதுங்கள்.